அறளை பெயர்ந்தவரோடு ஒரு கை 304

யாழ்ப்பாணத்தில் டிமென்சியாவுக்குப் பழைய சொல் ஒன்று இருக்கிறது. "அவவுக்கு அறளை பேந்திட்டுது" என்றால் ஊரில் யாருக்கும் விளக்கம் வேண்டாம். சாப்பிட்டுக் கை காயுமுன் "எனக்கு ஒருத்தரும் சோறு தரேல்லை" என்று படலையில் நின்று முறையிடும் அம்மம்மா, பென்சன் புத்தகத்தைத் தலையணை உறைக்குள் தானே ஒளித்துவிட்டு மருமகளைச் சந்தேகத்தோடு பார்க்கும் பெரியவர், எல்லாரும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள். சொல்லில் பாதி பரிவு, பாதி ஏளனம். வயது போனால் அறளை பெயரத்தானே செய்யும் என்ற எண்ணமும் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதனால்தான் வைத்தியரிடம் போவது பிந்துகிறது.

முதுமை என்றால் மறதிநோய் வந்தே தீரும் என்பதில்லை. மூளையைப் பாதிக்கும் பல நோய்களின் பொதுப்பெயர்தான் டிமென்சியா. அவற்றுள் பெரும்பங்கு, நூற்றுக்கு அறுபது எழுபது, அல்சைமர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகெங்கும் 5 கோடியே 70 லட்சம் பேர் இதோடு வாழ்ந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் நம்மைப் போன்ற வருமானம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில். இலங்கையில் றாகமைப் பகுதியில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு, 65 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பேருக்கு டிமென்சியா இருப்பதைக் கண்டது. 2012 குடிசன மதிப்பீட்டில் நாட்டு மக்களில் 12.4 வீதத்தினர் 60 வயதைத் தாண்டியவர்கள். குடாநாட்டில் இதற்கு மேலே இன்னொன்றும் சேர்கிறது: பிள்ளைகள் ரொறொன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். நோயின் பெயர் தெரியுமுன்பே குடும்பத்தில் எழும் கேள்வி "ஆர் பாக்கிறது?" என்பதுதான். பதில் பெரும்பாலும் வயதான துணை, அல்லது கலியாணம் கட்டாமல் வீட்டோடு நின்றுவிட்ட ஒரு மகள்.

அந்த மகளின் கைக்குத்தான் கனடாவிலிருந்து ஒரு ரப்லெட் வந்து சேருகிறது. "அம்மாட்டைக் குடு, மூளைக்கு நல்லதாம்" என்கிறார் அண்ணன். அதற்குள் ஆங்கிலத்தில் சொற்புதிர், நிறக்குண்டுகளை வெடிக்கவைக்கும் விளையாட்டு, மணிக்கூடு ஓடும் கணக்குப் பயிற்சி. அம்மா இரண்டு தரம் தொடுகிறார். சிவப்பில் ஏதோ மின்னுகிறது, பிழை என்ற சத்தம் வருகிறது. ரப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பிப் போகிறார். பிறகு அது பேரப்பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது. அண்ணன் சொன்னது எவ்வளவு தூரம் சரி, எங்கே பிழைத்தது என்பதைப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

மூளைக்கு நல்லது என்ற கதை பெரிய அளவில் பரவியது 2005இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் மூளைப்பயிற்சி விளையாட்டை வெளியிட்டபோது. அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தின் வீ வந்தது. கையிலுள்ள கருவியை வீசினால் திரையில் பந்து உருளும். மேற்குநாட்டு முதியோர் இல்லங்களில் சக்கரநாற்காலியில் இருந்தபடியே பந்துருட்டும் போட்டிகள் நடந்தன. 2013இல் கலிபோர்னியா ஆய்வாளர்கள் நியூரோரேசர் என்ற கார் ஓட்டும் விளையாட்டை 60 முதல் 85 வயதானவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே நேரத்தில் இரண்டு வேலையைக் கவனிக்கும் திறன் கூடியது, ஆறு மாதத்துக்குப் பிறகும் நின்றது. நேச்சர் இதழின் அட்டைவரை போன செய்தி அது.

விற்பனைக்காரருக்கு இது போதும். லுமோசிட்டி என்ற மூளைப்பயிற்சிச் செயலி மறதியையும் டிமென்சியாவையும் தள்ளிப்போடும் என்ற தோரணையில் விளம்பரம் செய்தது. ஆதாரமில்லாத பேச்சு என்று அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு பிடித்தது; 2016 ஜனவரியில் 20 லட்சம் டொலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டது அந்த நிறுவனம்.

இந்த இடத்தில் விற்பவர்கள் இரண்டு விடயங்களைக் குழப்பிவிடுகிறார்கள், வாங்குபவர்களும் சேர்ந்து குழம்புகிறார்கள். நோய் வராமல் பார்ப்பது ஒன்று. வந்தவரைப் பார்ப்பது வேறொன்று. முதலாவதற்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் 2,832 முதியவர்களை வைத்து நடந்த அக்டிவ் ஆய்வில், திரையில் விரைவாகக் கண்டுபிடிக்கும் பயிற்சியைச் செய்த குழுவுக்குப் பத்தாண்டில் டிமென்சியா அபாயம் 29 வீதம் குறைவாக இருந்ததாக 2017இல் எழுதினார்கள். பின்லாந்தின் ஃபிங்கர் ஆய்வு 1,260 பேருக்குக் கணினிப் பயிற்சியோடு சாப்பாடு, உடற்பயிற்சி, இரத்த அழுத்தக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தது. 2015இல் நல்ல பலன் காட்டியது. இரண்டிலும் பங்குபற்றியவர்கள் டிமென்சியா இல்லாதவர்கள். அறளை பெயர்ந்துவிட்ட அம்மாவுக்கு அந்த 29 வீதத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை.

நோய் வந்தவர்களுக்கு என்ன கிடைக்கும்? 37 ஆய்வுகளையும் 2,766 பேரையும் ஒன்றுசேர்த்துப் பார்த்த 2023ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வு, அறிவைத் தூண்டும் செயற்பாடுகளால் ஆரம்ப, நடுநிலைகளில் சிறிய பலன் உண்டு என்கிறது. மதிப்பெண்ணில் அது ஏறத்தாழ ஆறு மாதச் சரிவைத் தள்ளிப்போடுவதற்குச் சமம். சிறிது என்றாலும் உண்மையான பலன். ஆனால் அந்தச் செயற்பாடுகள் எவை என்று பார்த்தால், பெரும்பாலும் நாலைந்து பேர் கூடியிருந்து பாட்டு, சொல் விளையாட்டு, பழங்கதை, படம் பார்த்துப் பேசுவது. தனியே ஒரு மூலையில் திரையைத் தொட்டுக்கொண்டிருப்பது அந்தக் கணக்கில் முக்கியமாக வரவில்லை. அண்ணனின் பிழை இங்கேதான். ரப்லெட்டை அனுப்பினார், கூட விளையாட ஆளை அனுப்பவில்லை.

விளையாட்டால் ஆராய்ச்சிக்குக் கிடைத்த நன்மையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2016இல் வெளியான சீ ஹீரோ குவெஸ்ட் என்ற கைபேசி விளையாட்டில் நீங்கள் ஒரு படகோட்டி. முதலில் வரைபடத்தைக் காட்டுவார்கள், பிறகு எடுத்துவிடுவார்கள். நினைவை வைத்துக்கொண்டு மிதவைகளைத் தேடிப்போக வேண்டும். நாற்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் விளையாடினார்கள். வழி தவறுவது அல்சைமரின் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று என்பதால், சாதாரண மனிதர் எப்படி வழி கண்டுபிடிக்கிறார் என்ற அளவுகோல் முதலில் தேவைப்பட்டது. பரம்பரையில் அபாய மரபணு உள்ளவர்கள், வழக்கமான ஞாபகப் பரீட்சையில் ஒரு குறையும் தெரியாதபோதே, இந்த விளையாட்டில் சுற்றிப் போனதை 2019இல் கண்டார்கள்.

2022இல் வந்த முடிவு நம்மூர்க்காரருக்குச் சிரிப்பைத் தரும். 38 நாடுகளைச் சேர்ந்த 3,97,162 பேரின் விளையாட்டைப் பார்த்ததில், சதுரம் சதுரமாக வீதி போட்ட நகரங்களில் வளர்ந்தவர்களைவிட நகரத்துக்கு வெளியே, வளைந்து நெளிந்த பாதைகளில் வளர்ந்தவர்கள் வழி கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரராக இருந்தார்கள். வேலிக்கு வேலி முட்டி, எங்கோ ஒரு பனங்காணியில் போய் முடியும் கோண்டாவில், உரும்பிராய் ஒழுங்கைகளில் சைக்கிள் ஓடிப் பழகியவர்களை அந்த ஆய்வாளர்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒருவர் ஐம்பது வருடம் போய்வந்த கோயிலடியிலிருந்து வீட்டுக்கு வரத் தெரியாமல் சந்தியில் நிற்கிறார் என்றால், அதை வயசுக்கோளாறு என்று விடக்கூடாது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. பி12 குறைபாடு, தைரொயிட், மனச்சோர்வு போன்ற திருத்தக்கூடிய காரணங்கள் இருக்கின்றனவா என்று அங்கே முதலில் பார்ப்பார்கள். காது கேளாமையும் அப்படித்தான். 2024ஆம் ஆண்டின் லான்செட் ஆணைக்குழு, கவனித்தால் உலக டிமென்சியாவில் 45 வீதம்வரை தவிர்க்கவோ பிந்தச்செய்யவோ கூடிய 14 காரணிகளை அடுக்கியபோது, கேட்புத்திறன் இழப்பையும் நீரிழிவையும் உயர் இரத்த அழுத்தத்தையும் அதில் வைத்தது. வெளிநாட்டுக் காசில் ரப்லெட் வாங்குவதா, காதுக்கு மெஷின் வாங்குவதா என்று கேட்டால் நான் மெஷின் என்றே சொல்வேன்.

நோய் முற்றியவர்களுக்கென்றே உருவான விளையாட்டு என்றால் நெதர்லாந்தின் தோவர்தாஃபல்தான் என் மனதில் முதலில் நிற்கிறது. மந்திரமேசை என்று பொருள். கூரையில் பொருத்திய கருவி மேசைமேல் ஒளிப்படங்களை விழுத்துகிறது. உதிர்ந்த இலைகள் கிடக்கின்றன. கையால் தள்ளினால் விலகுகின்றன. ஒரு பந்து உருண்டு வருகிறது. தட்டினால் எதிரே இருப்பவரிடம் போகிறது. புள்ளி இல்லை, நேரக்கட்டுப்பாடு இல்லை, தோல்வி இல்லை. ஹெஸ்டர் லெ ரிஷ் என்ற வடிவமைப்பாளர் டெல்ஃப்ட் பல்கலைக்கழக ஆய்விலிருந்து இதை உருவாக்கினார். மணிக்கணக்காகக் கதிரையில் உறைந்திருக்கும் மனிதரை அசையவைப்பது மட்டுமே குறி. விலை சில ஆயிரம் யூரோ, நமக்கு எட்டாது. ஆனால் அதன் யோசனைக்கு விலையில்லை. குடாநாட்டில் ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் இருக்கிறது. காலையில் பத்திரிகை பார்க்கப் பெரியவர்கள் வருகிறார்கள், ஒரு கரம் போட்டும் கிடக்கிறது. ஒரு சாதாரண புரொஜெக்டரை மேசையை நோக்கித் திருப்பிவிட யாழ் பல்கலைக்கழகக் கணினி மாணவர்களுக்கும் யாழ் ஐரி ஹப் இளைஞர்களுக்கும் ஒரு விடுமுறைக்காலம் போதும். இலைக்குப் பதில் வேப்பம்பூ உதிரட்டும், பந்துக்குப் பதில் போர்த்தேங்காய் உருளட்டும்.

இனி 304. குடாநாட்டில் கலியாணவீட்டு இரவு, செத்தவீட்டு இரவு, தேர்தல் முடிவுக்குக் காத்திருக்கும் இரவு எதுவும் இந்தக் காட்ஸ் ஆட்டமில்லாமல் விடிந்ததில்லை. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டினால் 76, நாலு இனத்துக்கும் 304. இனங்களின் பெயர்களை ஒல்லாந்தர் விட்டுப்போனார்கள்: ஆடுதன், உருவித்தன், கலாவரை, இஸ்கோப்பன். முதல் நாலு தாளைப் பார்த்துக் கேள்வி கேட்டு, துரும்பைக் கவிழ்த்து வைத்து, மற்ற நாலையும் எடுத்து ஆடுவது சின்ன வேலையில்லை. எதிராளி எதைப் போட்டான் என்று ஞாபகம் வைத்திருக்க வேண்டும். டிமென்சியாக்காரரிடம் முதலில் போவது அந்த ஞாபகம்தான். ஆனால் தாளை விசிறிபோல் விரிக்கும் கை போவதில்லை. வலுவான தாளை ஓங்கி மேசையில் அறையும் பழக்கமும் லேசில் போவதில்லை. பழகிய கைவேலைகளுக்கான ஞாபகம் மூளையில் வேறு வழியாகச் சேமிக்கப்படுகிறது, அது பிந்தித்தான் அழிகிறது.

ஆகவே 304ஐ உரித்து எடுக்கலாம். கேள்வி வேண்டாம், துரும்பு வேண்டாம். ஒரு தாள் போடப்படும். அதே இனத்தில் ஒன்றைப் போட வேண்டும். பெரிய தாள் வெல்லும். இன்னும் இயலாதவருக்குத் திரையில் ஒரு தாளைக் காட்டி ஆடுதனா கலாவரையா என்று கேட்டால் போதும். பிழையாகச் சொன்னால் திரை பேசாமல் இருக்க வேண்டும்.

என் வாதத்துக்கு எதிரான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆர்லின் அஸ்டலும் அவருடைய சகாக்களும் டிமென்சியா உள்ள 30 பேரிடம் தொடுதிரை விளையாட்டுகளைக் கொடுத்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்குத் தெரிந்த சொலிட்டயர், மறுபகுதியினருக்குக் கேள்விப்படாத குமிழி விளையாட்டு. பெரும்பாலானவர்கள் தாங்களாகவே விளையாடினார்கள், புதியதையும் பழையதைப் போலவே ரசித்தார்கள். பழகியதுதான் பிடிக்கும் என்பது நம் ஊகம் மட்டுமே. அப்படியானால் ஏன் 304? அம்மாவைவிட அம்மாவைச் சுற்றி இருப்பவர்களுக்கு அது தெரியும் என்பதால். மருமகனும் பேரனும் பக்கத்து வீட்டு மாமாவும் வந்து குந்துவார்கள். குமிழி வெடிக்கும் விளையாட்டுக்கு அவர்கள் வரமாட்டார்கள்.

சின்னச் சின்ன விடயங்களில்தான் செயலிகள் சறுக்குகின்றன. மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரலையும் முதுமையில் உலர்ந்த விரலையும் தொடுதிரை சரியாக உணர்வதில்லை. பெரியவர்கள் தொடுவதற்குப் பதில் அழுத்திப் பிடிக்கிறார்கள். உடனே வேறேதோ பட்டியல் திறந்துகொள்கிறது. இலவச விளையாட்டின் நடுவில் விளம்பரம் பாய்ந்தால், இது விளம்பரம், மூலையிலுள்ள பெருக்கல் குறியைத் தொட வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தமிழ் பேசும் செயலி கிடைத்தாலும் சென்னைத் தமிழில் "வாங்க, போங்க" என்கிறது. "வாங்கோ, இருங்கோ" என்று கேட்டு வளர்ந்த காதுக்கு அது வேற்றாள். சத்தமும் முக்கியம். வெடிச்சத்தம் வரும் எந்த விளையாட்டையும் இங்கே கொடுக்கக்கூடாது. ஷெல்லுக்குப் பங்கருக்குள் ஓடிய தலைமுறை இது. நேற்று நடந்ததை மறந்த மூளைக்கு 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வு இன்று காலை நடந்ததாக இருக்கலாம்.

பழைய படங்களைக் காட்டிப் பேசவைக்கும் செயலிகள் மேற்கில் நிறைய வந்துவிட்டன. குடும்ப அல்பத்தை ஏற்றினால் போதும் என்கிறார்கள். எந்த அல்பம்? ஓடிய ஓட்டத்தில் உறுதிக்கட்டை எடுத்தவர்கள் அல்பத்தை விட்டார்கள். வீடே உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போனவர்களுக்கு எடுக்க எதுவும் மிஞ்சவில்லை. இங்கே பொதுச் சேமிப்புகள்தான் கைகொடுக்க வேண்டும். 2005 முதல் நூலகம் திட்டம் சேர்த்துவரும் பழைய நூல்களும் இதழ்களும் பாடசாலை மலர்களும் ஆய்வாளருக்கு மட்டுமானவை அல்ல. மலரின் ஒரு பக்கத்தைத் திரையில் பெருப்பித்துக் காட்டினால் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் பேசத் தொடங்கிவிடுவார். பாட்டும் அப்படித்தான். பி. எச். அப்துல் ஹமீத் இலங்கை வானொலியில் நடத்திய "பாட்டுக்குப் பாட்டு" நல்லதோர் மறதிநோய் விளையாட்டு என்பது அன்று யாருக்கும் தோன்றியிருக்காது. பிள்ளையின் பெயர் வராத வாயில் பாட்டின் அடுத்த அடி வரும்.

இதுவரை சொன்னது நோயாளிக்கு. பார்க்கிறவருக்கு என்ன?

2020இல் வெளியான "பிஃபோர் ஐ ஃபொர்கெட்" என்ற விளையாட்டில் சுனிதா என்ற பெண் தன் வீட்டுக்குள் நடக்கிறாள். ஒருகாலத்தில் அண்டவியல் அறிஞர். இப்போது குளியலறைக் கதவு எது என்று தெரியவில்லை. விளையாடுபவர் சுனிதாவாகவே அலைய வேண்டும். கதவுகளைத் திறந்து திறந்து தோற்கும்போது, அம்மா ஏன் விறாந்தையில் நின்று அழுதார் என்பது பிடிபடுகிறது. ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும் ஆட்டம். பிறகு கோபம் கொஞ்சம் தணியும்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசப்போர்ட் பயிற்சி விளையாட்டென்று பெயர் வைத்துக்கொள்ளாவிட்டாலும் அமைப்பில் அப்படித்தான். 5 பகுதி, 23 பாடம். ஒரு காட்சியைச் சொல்லி, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று தெரிவுகளைத் தந்து, எடுத்த தெரிவுக்குப் பதில் சொல்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் அதை இந்தியாவுக்கேற்ப மாற்றியது. திரை இல்லாமலும் இதைச் செய்யலாம் என்பதற்கு கோவாவில் 81 குடும்பங்களோடு நடந்து 2008இல் வெளியான ஆய்வு சாட்சி: உள்ளூரில் தெரிந்தெடுத்துப் பயிற்றிய ஆட்கள் வீட்டுக்குப் போய்ப் பேசி வழிகாட்டியதில் பார்ப்பவர்களின் மனச்சுமை குறைந்தது.

யாழ்ப்பாணத்துக்கான பயிற்சியை எழுதுபவர் ஒரு காட்சியை மட்டும் எந்த நாட்டுப் பாடத்திலிருந்தும் எடுக்க முடியாது. பொழுதுபடும் நேரம். அம்மா படலையைப் பார்த்தபடி கேட்கிறார்: "தம்பி வந்திட்டானோ?" தம்பி காணாமல் ஆக்கப்பட்டுப் பதினைந்து வருடத்துக்கு மேல். திருத்தாதே, பேச்சை மாற்று என்பது பொதுவிதி. இல்லை என்றால் அவருக்கு இன்றைக்குப் புதிதாக ஒரு சாவு. வருவான் என்றால் சொல்லும் மகளின் நெஞ்சு தாங்காது. ஏனென்றால் அவளும் காத்துக்கொண்டுதான் இருக்கிறாள். என் கணிப்பில் "தம்பிக்கு என்ன கறி விருப்பம் அம்மா?" என்று கேட்பது ஒரு வழி. பொய்யும் இல்லை, மறுப்பும் இல்லை. இதைவிட நல்ல பதில்கள் குடாநாட்டு வீடுகளில் ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருக்கும். உளநலத் துறையினர் அவற்றைக் கேட்டுத் தொகுக்க வேண்டும். செயலி பிறகு வரட்டும்.

டிமென்சியா உள்ளவர்கள் பலருக்குப் பின்னேரத்தில் அந்தரம் கூடும். சொந்த வீட்டுக்குள் நின்றுகொண்டே "நான் வீட்டை போகவேணும்" என்பார்கள். விளக்கு வைத்து, இரவுச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்ட வேண்டிய மகளுக்கு நாளின் மோசமான அரை மணித்தியாலம் அதுதான். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன்மாரிடம் கேட்பது இவ்வளவுதான்: அனுப்பிய ரப்லெட்டை அந்த நேரத்தில் திறந்து, வீடியோ அழைப்பில் அம்மாவோடு நாலு தாள் போடுங்கள். வெல்ல விடுங்கள். கோடைகாலத்தில் யாழ்ப்பாணத்தில் பின்னேரம் ஐந்தரை என்றால் லண்டனில் மதியம் ஒரு மணி, ரொறொன்ரோவில் காலை எட்டு மணி.